படகு என் அக்காவுடையது

தருமபுரம்
12.2.2025

அஞ்சுகம் அண்ணிக்கு,

ஷர்மிளா எழுதுகிறேன். பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

போனில் பேசக் கூடாது, வாய்ஸ் அனுப்பக் கூடாது என்று என் வக்கீல் தாமரைச்செல்வி மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன வருஷம் கோபத்தில் உங்கள் தம்பிக்கு நான் அனுப்பிய ஒரு வாய்ஸை வரிக்கு வரி எழுதி, 'இவள் வாய்த்துடுக்குக்காரி, இவளிடம் பிள்ளையை விடக் கூடாது' என்று கோர்ட்டில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து போனைத் தொடவே பயம். அதனால்தான் காகிதம். தினமும் காலையில் நீங்கள் மீன் கொண்டுபோய்ப் போடுகிற சஃபியுல்லா பாய் ஓட்டலில் கொடுத்துவிட்டுப் போகிறேன். பாய் வெளியே விட மாட்டார்.

நேற்று உங்கள் தம்பி கோர்ட்டில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் நகல் என் கைக்கு வந்தது. விவாகரத்து கேட்டுக் கேஸ் போட்டது அவர். கேஸ் முடிகிறவரை என் சாப்பாட்டுக்கும், இந்தக் கேஸை நடத்த ஆகும் வக்கீல் செலவுக்கும் அவர் தர வேண்டும் என்று நான் மனுப் போட்டிருந்தேன். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் சத்தியம் செய்து சொல்லியிருக்கும் பதிலை அப்படியே எழுதுகிறேன்: 'எனக்கென்று சொத்து எதுவும் இல்லை. விசைப்படகு என் அக்காவுடையது. அதில் கூலிக்குப் போகிறேன். எனக்கும் என் மகள் பாரதிப்ரியாவுக்கும் சோறு போடுவது என் அக்காதான்.' கூடவே படகின் பதிவுச் சான்று. உங்கள் பெயர். உங்கள் கையெழுத்து.

அண்ணி, அந்தப் படகின் இன்ஜினில் என் அப்பா எனக்குப் போட்ட நகையில் பாதி இருக்கிறது. இன்ஜின் வந்து இறங்கிய அன்று நீங்களும் நானும் சேர்ந்துதான் மஞ்சள் பூசினோம். எட்டுப் பேர் ஏறிப் போகிற படகுக்கு முதலாளி, கூலிக்காரனாகி நிற்கிறார். நீங்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். என்னை அடித்தது அவர். காது கேட்காமல் நான் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது வீட்டைப் பூட்டியது அவர். அதையெல்லாம்கூட அவரோடு வைத்துக்கொள்கிறேன். நீங்கள் என்னை இப்படிச் செய்வீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

கோர்ட்டு அனுமதித்த மாதாந்திர சனிக்கிழமையில் பாரதியைப் பார்த்தேன். இருமிக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் காட்டுங்கள்.

ஷர்மிளா

*

16.2.2025

ஷர்மிளாவுக்கு,

கிழிக்கத்தான் போனேன். பாய் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்துக்காகப் படித்தேன்.

உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் இப்படிக் கேட்பாய்? எங்களை எதிர்த்து நீ கேஸ் நடத்துவாய். அதற்கு ஒரு வக்கீலைப் பிடித்துக்கொள்வாய். அந்த வக்கீலுக்குப் பணம் மட்டும் நாங்கள் கட்ட வேண்டுமா? எந்த ஊர் நியாயம் இது? கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நெரவி வரைக்கும் தெருத்தெருவாகக் கத்துகிறவள் நான். நீ ஜவுளிக்கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பில் போடுகிறாய். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்திருந்தால் வெற்றிலை பாக்கோடு போயிருக்கும். நீ கோர்ட்டு வாசலைப் பிடித்துக்கொண்டாய்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டாய். டீசல் மானியம் என்றான் தம்பி. "ஒன் பேர்ல இருந்தா விதவைக்குன்னு கொஞ்சம் கூட வரும்க்கா, சும்மா ஒரு கையெழுத்து" என்றான். மீன் விற்கிற அவசரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டேன். கூடப் பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தை யாராவது படித்துப் பார்ப்பார்களா? நீ படிப்பாய் போலிருக்கிறது. அதனால்தான் நீ அங்கே இருக்கிறாய்.

பாரதிக்கு இருமல் போய்விட்டது. என் பக்கத்தில்தான் படுக்கிறாள். கிழங்கான் மீன் குழம்பு வைத்தால் இரண்டாம் தடவை சோறு கேட்கிறாள். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இனிமேல் எழுதாதே.

அஞ்சுகம்

*

தருமபுரம்
9.3.2025

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் நியாயம் எது என்று கேட்டிருந்தீர்கள், கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

முதலில் பஞ்சாயத்து. நான் அங்கே வந்தேனே, மறந்துவிட்டீர்களா? கோயில் வாசலில் ஆண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். எனக்காக என் மாமா பேசினார். "புருஷன் கைய ஓங்குறது எந்த வீட்டுல இல்ல" என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அடி வாங்கிய காது எனக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு எதற்கு வெற்றிலை பாக்கு?

இரண்டாவது, கேஸை ஆரம்பித்தது நானில்லை. அவர் போட்டார். கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால் நான் வக்கீல் வைக்காமல் என்ன செய்வது? போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகி, பாரதி எனக்கு இல்லை என்று எழுதிவிடுவார்கள். என்னைச் சண்டைக்கு இழுத்தவர், சண்டை போட வழியில்லாமல் என் கையையும் கட்டுகிறார். அதனால்தான் சட்டம், வசதி உள்ளவர் இல்லாதவருக்குச் செலவைக் கொடுத்து, இரண்டு பேரும் சமமாக நில்லுங்கள் என்கிறது. நான் பிச்சை கேட்கவில்லை அண்ணி.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையில் லீவு போடுகிறேன், சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கோர்ட்டில் போய் உட்கார்ந்தால், உங்கள் தம்பிக்குக் காய்ச்சல், அவர் வக்கீலுக்கு வேறு கேஸ், தேதி தள்ளிப் போகிறது. இப்படியே ஒரு வருஷம் ஆகிவிட்டது. மேடம் தன் ஃபீஸில் பாதிதான் வாங்கியிருக்கிறார். அதற்கே அம்மாவின் சங்கிலி போய்விட்டது. இப்போது அவர்கள் தரப்பில் சமாதானம் பேசுகிறார்கள். என்ன சமாதானம் தெரியுமா? விவாகரத்துக்கு நான் சம்மதிக்க வேண்டும், ஒரு பைசா கேட்கக் கூடாது, பாரதி அவரிடமே இருப்பாள். கையெழுத்துப் போட்டால் எனக்குச் செலவு மிச்சமாம்!

பிள்ளையைப் பெற்றவள், வக்கீலுக்குக் கொடுக்க இல்லாததால் பிள்ளையை விட்டுக்கொடுக்க வேண்டும். இதுதான் நடக்கிறது. இதில் எனக்கு ஃபேன் காற்று என்கிறீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோபப்படாமல் யோசியுங்கள். கூலிக்குப் போகிறவருக்கு அவ்வளவு பெரிய வக்கீலை வைக்கப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஷர்மிளா

*

30.3.2025

ஷர்மிளாவுக்கு,

இருபது நாளாக இந்தக் கடிதத்தை மனதுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தேன். மீன் எடை போடும்போதுகூட அதே நினைப்பு. நெத்திலி வாங்க வந்தவள் ஒருத்தி, "என்னா அக்கா, ஒங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

அவன் வக்கீலுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று கேட்டாயே. நான்தான் தருகிறேன். என் கூடைப் பணம். நான் எடுத்த சீட்டுப் பணம். "அக்கா, பாரதி நம்மகிட்டயே இருக்கணும்னா வக்கீலுக்குக் கட்டணும்" என்பான். பாரதி என்று சொல்லிவிட்டால் நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துவிடுவேன். அது அவனுக்குத் தெரியும்.

நேற்று அவனிடம் நேராகக் கேட்டேன். காத்தமுத்துவும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தார். அந்தப் படகின் டிரைவர், பழைய ஆள், உனக்குத் தெரியும்.

"ஏன்டா, நம்ம போட்டு என்னுதுன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணிருக்கியாமே?"

"அது சும்மா பேப்பருக்குக்கா. அவ வக்கீல் செலவ நாம ஏன் அழணும்? இன்னும் நாலு வாய்தா இழுத்தா கையில இருக்குறது தீந்துடும். தானா வந்து கையெழுத்துப் போடுவா."

"அப்ப ஒன் வக்கீல் செலவ மட்டும் நான் ஏன் அழணும்?"

சிரித்தான். "நீ என் கூடப் பொறந்தவ ஆச்சே."

"ஏன் என் பேர்ல மாத்துன? பெரியப்பா மவன் பேர்ல மாத்தியிருக்கலாமே?"

"அவன் பேர்ல மாத்துனா நாளைக்குத் தன்னுதும்பான். நீ பொம்பள. நீ என்னாத்தக் கேக்கப் போற?"

காத்தமுத்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். நான் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வார்த்தை மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நிற்கிறது. அவனுக்கு அப்பாவைவிட நான் அதிகம் செய்திருக்கிறேன். என் புருஷன் கடலில் போனபிறகு ஊர் வரி கட்டுகிற ஆண் என் வீட்டில் இல்லை, வரி இல்லாதவளுக்குக் கூட்டத்தில் இடமும் இல்லை. அது தெரிந்துதான் என் பெயரைப் போட்டிருக்கிறான். கேட்க நாதியில்லாதவள் பெயரில் இருந்தால் பத்திரமாக இருக்குமாம்!

இதனால் நான் உன் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைக்காதே. பாரதியை நான் விட மாட்டேன். ஆனால் உன்னைப் பிச்சைக்காரி மாதிரிப் பேசியது தப்பு.

அஞ்சுகம்

*

தருமபுரம்
25.5.2025

அண்ணிக்கு,

சின்னக் கடிதம்தான். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. உங்களுக்கும் தடைக்காலம், படகெல்லாம் கட்டிக் கிடக்கும், மீனுக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள்.

என்னால் முடியவில்லை. வாடகை இரண்டு மாதம் நிற்கிறது. செலவு மனுவில் உத்தரவு வரவே இல்லை, 'எதிர்மனுதாரர் கூலிக்காரர், படகு வேறொருவருடையது' என்ற இடத்திலேயே நிற்கிறது. நாம் சொல்வது உண்மைதான், ஆனால் காகிதம் அவர் பக்கம் பேசுகிறது என்கிறார் மேடம். பணம் வாங்காமலே நடத்துகிறேன் என்றும் சொன்னார். அவர் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், எவ்வளவு நாள்தான் கேட்பது?

ஜூன் கடைசியில் வாய்தா. அன்றைக்குச் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். தோற்றதனால் இல்லை அண்ணி. தோற்கவாவது வாதாடியிருக்க வேண்டும். என்னை வாய் திறக்க விடாமலே முடித்துவிட்டார்கள்.

பாரதிக்கு நீலத்தில் ஒரு கவுன் எடுத்திருக்கிறேன். பாயிடம் இருக்கிறது. நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம், சொன்னால் உங்கள் தம்பி போடவிட மாட்டார்.

ஷர்மிளா

*

22.6.2025

ஷர்மிளா,

கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டால் உன்னை நான் சும்மா விட மாட்டேன். இப்போது படி.

தடைக்காலம் முடிந்து பதினைந்தாம் தேதி படகுகள் போனது உனக்குத் தெரியும். நம் படகு வியாழக்கிழமை துறைமுகத்துக்கு வந்தது. நல்ல பாடு. வஞ்சிரம், பாறை, கணவாய். இந்த ஊர் வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடைக்காலத்துக்குப் பிறகு முதல் மீன் ஏலம் போனதும், படகுக்காரர்தான் கோயில் பங்கைத் தன் கையால் தர வேண்டும். கோயில் மைக்கில் பெயரைச் சொல்வார்கள். யார் பெயர் மைக்கில் வருகிறதோ, அடுத்த தடைக்காலம் வரை ஊருக்கும் ஏலக்காரருக்கும் அவர்தான் முதலாளி. படகுப் பங்கு அவர் கையில்தான் போகும். எத்தனை வருஷமாகத் தம்பி அருள்ராஜ் பெயரைக் கேட்டிருக்கிறோம்.

தம்பி ஏலத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். நான் குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, பாரதியைக் கையில் பிடித்துக்கொண்டு, கோயில் பங்குக்கு என் சொந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பஞ்சாயத்தார் முன்னால் வைத்தேன். நீ கொடுத்த நீலக் கவுன்தான் போட்டிருந்தாள்.

"என்னாம்மா இது?" என்றார் தலைவர்.

"கோயில் பங்கு. போட்டு என்னுது."

"ஒந்தம்பி எங்க?"

"அவன் என் போட்டுல கூலிக்குப் போறவன்ங்க. கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கான். வேணும்னா கேட்டுப் பாருங்க."

அதற்குள் அவன் ஓடி வந்துவிட்டான். முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது. "அக்கா, பைத்தியம் பிடிச்சுடுச்சா? போட்டு என்னுது!" என்று கத்தினான். நான் கத்தவில்லை. "அப்படியாடா? அப்ப கோர்ட்டுல போயி சொல்லு தம்பி" என்றேன். அவ்வளவுதான். அவன் தன்னுடையது இல்லை என்றால் படகு போகும். தன்னுடையது என்றால் உன் வக்கீலுக்கு அழ வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காத்தமுத்துதான் முதலில் பேசினார். "அஞ்சுகம் பேர்ல சான்று இருக்கு, நான் பாத்தேன்" என்றார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மைக்கில் சொன்னார்கள் ஷர்மிளா. 'அஞ்சுகம் படகு, கோயில் பங்கு வந்தது.' என் காதால் கேட்டேன். பாரதி கை தட்டினாள்.

டீசல், ஐஸ் போக, ஆள் பங்கு போக, படகுப் பங்கை ஏலக்காரர் என் கையில்தான் கொடுத்தார். தம்பிக்கு ஓர் ஆள் பங்கு. கூலிக்காரனுக்கு அதுதானே? மீதியை உறையில் போட்டுப் பாயிடம் கொடுத்திருக்கிறேன். உன் வக்கீலம்மாவிடம் கட்டு.

அஞ்சுகம்

*

தருமபுரம்
13.7.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து, பாய் ஓட்டலிலேயே உட்கார்ந்து அழுதேன். பாய் டீ கொடுத்தார், பணம் வாங்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. நடந்ததையெல்லாம் மேடத்திடம் சொன்னேன். மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் உறையைப் பிரிக்காமல் திருப்பி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இந்தச் செலவை நீங்கள் தரக் கூடாது. என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் தர வேண்டும், கோர்ட்டு சொல்லித் தர வேண்டும். ஏற்கெனவே அவர் வக்கீலுக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள். என் வக்கீலுக்கும் நீங்களே கொடுத்தால், ஒரு பெண்ணே பணம் போட்டு இரண்டு பெண்களையும் அழ வைக்கிற கேஸ் இது என்று ஆகாதா? அவர் ஒருவர் மட்டும் செலவில்லாமல் நடுவில் நிற்பார். எனக்கு வேண்டியது பணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையிலிருந்து வர வேண்டும்.

மாங்கனித் திருவிழா அன்று பாரதியார் வீதியில் கடை மாடியிலிருந்து உங்கள் இருவரையும் பார்த்தேன். கூட்டத்தில் அவளைத் தோளில் தூக்கி வைத்திருந்தீர்கள். மேலிருந்து எறிந்த மாம்பழம் ஒன்றைப் பிடித்துவிட்டாள், நீங்கள் அவளைவிட அதிகமாகக் குதித்தீர்கள். கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை.

ஷர்மிளா

*

3.8.2025

ஷர்மிளாவுக்கு,

பணத்தைத் திருப்பினாய். நல்ல திமிர். எனக்குப் பிடித்திருக்கிறது.

உனக்கு ஒரு காகிதம் அனுப்புகிறேன், பத்திரமாக வை. ஆறு வாரமாகப் படகுப் பங்கு இல்லாமல் தம்பி வெந்துபோயிருந்தான். பஞ்சாயத்தில் போய்க் கேட்டான். "சத்தியம் பண்ணுன எடத்துல போயி மாத்திட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். பொறுக்க முடியாமல் போன வாரம் வக்கீலிடம்கூடக் கேட்காமல் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என் மேலேயே புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். என் மேலே! கூடப் பிறந்தவள் மேலே!

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவை ஸ்டேஷன் படி ஏறினேன். எஸ்.ஐ. படித்துக் காட்டினார். 'மேற்படி விசைப்படகு என் சொந்த உழைப்பிலும் என் மனைவியின் நகைகளை விற்றும் வாங்கப்பட்டது. பேருக்கு மட்டுமே என் அக்கா பெயரில் மாற்றி வைத்தேன். அதன் வருமானம் முழுவதும் எனக்கே உரியது. என் அக்கா அபகரித்துக்கொண்டார்.' கீழே அருள்ராஜ் என்று கொட்டையாகக் கையெழுத்து.

எஸ்.ஐ. கேட்டார்: "என்னம்மா சொல்றீங்க?"

"அவன் சொல்றது அத்தனையும் உண்மைங்க. நகை வரைக்கும் உண்மை. ஒரு நகல் குடுங்க, போதும்" என்றேன்.

தம்பிக்கு அப்போதும் புரியவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

உன் வக்கீலம்மா இன்னொரு தடவை சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அபகரித்தாள் என்று எழுதிவிட்டானே. அவனுக்குப் பால் பல் விழுந்தபோது கூரையில் எறிந்தவள் நான்.

அஞ்சுகம்

*

தருமபுரம்
31.8.2025

அண்ணிக்கு,

வெள்ளிக்கிழமை மேடம் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீதிபதியிடம் கொடுத்தார். பிரமாணப் பத்திரம் ஒன்று, புகார் நகல் ஒன்று. நீதிபதி அம்மா இரண்டையும் மாறி மாறிப் படித்தார். உங்கள் தம்பியின் வக்கீல் புகாரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மனிதர் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார் நீதிபதி.

"ஆமாங்கம்மா."

"இதுல எது பொய்?"

உங்கள் தம்பி தன் வக்கீலைப் பார்த்தார். "சொல்லுங்க, காத்திருக்கிறேன்" என்றார் நீதிபதி. கடைசியில் அவர் வக்கீலே எழுந்து, படகு என் கட்சிக்காரருடையதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

உத்தரவு ஆகிவிட்டது. மனுப் போட்ட நாளிலிருந்து என் சாப்பாட்டுச் செலவு. மேடத்தின் முழு ஃபீஸ். அவர் காரணமில்லாமல் வாங்கிய ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்குப் போன சம்பளம். எல்லாம் அவர் கட்ட வேண்டும், ஒரு மாதத்துக்குள். 'ஏழ்மையைக் காட்டி மனைவியை வழக்கு நடத்த முடியாமல் செய்வது நீதிமன்றத்தையே ஏமாற்றுவதாகும்' என்று நீதிபதி சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். இத்தனை நாள் நான் சொன்னதைத்தான் அவர் சொன்னார். என் வாயிலிருந்து வந்தபோது அது வாய்த்துடுக்காக இருந்தது.

பொய்ச் சத்தியத்துக்குத் தனி நடவடிக்கை வரலாம் என்றதும் அவர் வக்கீல் இறங்கி வந்துவிட்டார். அடுத்த வாய்தாவில் விவாகரத்துக்கு இருவரும் சம்மதித்துச் சேர்ந்து எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. பாரதி என்னோடு இருப்பாள். மாதம் இரண்டு நாள் அவர் வந்து பார்க்கலாம்.

அண்ணி, ஜெயித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாரதி என் பக்கம் வருகிறாள் என்றால் உங்கள் பக்கத்திலிருந்து போகிறாள். அதோடு, மேடத்திடம் ஒன்று கேட்டேன். அவர் வக்கீலுக்கு நீங்கள் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா என்று. மேடம், மனைவி கேட்கச் சட்டம் இருக்கிறது, அக்கா கேட்க ஒன்றும் இல்லை என்றார். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஷர்மிளா

*

28.9.2025

ஷர்மிளாவுக்கு,

அக்காவுக்குச் சட்டம் இல்லையாமா? இல்லாவிட்டால் போகட்டும். என்னிடம் கையெழுத்து இருக்கிறதே.

தம்பி, படகைத் தன் பெயருக்கு மாற்றக் காகிதம் கொண்டுவந்தான். கோர்ட்டில் ஒத்துக்கொண்டாயிற்று, ஆனால் பதிவை மாற்ற நான் போட வேண்டுமாம். இந்தத் தடவை கையைத் துடைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். ஒரு வரி விடவில்லை. அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஒன் வக்கீலுக்கு நான் குடுத்தது, சீட்டு எடுத்தது உட்பட, முழுசா என் கையில வையி. அப்புறம் போடுறேன்."

"கூடப் பொறந்தவகிட்டயே கணக்காக்கா?"

"கூடப் பொறந்தவகிட்டதானடா பொய் சொல்லிக் கையெழுத்து வாங்குன."

"கோர்ட்டு சொன்னத ஷர்மிளாவுக்குக் கட்டணும், என் வக்கீலுக்கு வேற கட்டணும். நான் எங்க போவேன்?"

"போட்டு ஓடுது. அதுல கூலிக்கு வா" என்றேன். காத்தமுத்து சிரித்ததில் கையில் வைத்திருந்த டீ கொட்டிவிட்டது.

பாதி கொடுத்திருக்கிறான். மீதி வந்ததும் போடுவேன். படகு எனக்கு வேண்டாம். மைக்கில் ஒரு வருஷம் என் பெயர் வந்தது போதும். அடுத்த தடைக்காலம் முடிந்ததும் அவன் பெயர் வரட்டும். ஆனால் ஊரில் ஒன்று மாறியிருக்கிறது. போன வாரம் ஒரு பெண் புருஷனைப் பற்றிச் சொல்லப் பஞ்சாயத்துக்கு வந்தாள். வேப்பமரத்துக்குப் பின்னால் நிற்கப் போனவளை நான்தான் கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்தேன். படகுக்காரியை எழுந்து போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை பாய் ஓட்டலில் கடிதம் இருக்காது. நானே வருகிறேன், பாரதியைக் கூட்டிக்கொண்டு. துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். நீலக் கவுன் மேலே இருக்கிறது, இறுக்கமாகிவிட்டது, பிரித்துத் தை. கிழங்கான் குழம்புக்குப் புளி கம்மியாகப் போடு, அதிகமானால் தொட மாட்டாள். தூங்கும்போது யாராவது பக்கத்தில் படுக்க வேண்டும். சுவர்ப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாம். நேற்று "அத்தை, நீயும் வர்றியா?" என்று கேட்டாள். "எனக்குக் கூடை இருக்குடி" என்றேன்.

அவனுக்கு மாதம் இரண்டு நாள் என்று கோர்ட்டில் எழுதினீர்கள். எனக்கு ஒரு நாள்கூட யாரும் எழுதவில்லை. உன் மேடமும் எழுதவில்லை, அந்த நீதிபதி அம்மாவும் எழுதவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளை என் வீட்டுக்கு வர வேண்டும். காலையில் வந்து, சாப்பிட்டு, சாயங்காலம் போகலாம்.

அனுப்பாமல் இருந்து பார். நானும் கோர்ட்டுக்கு வருவேன். உன் தாமரைச்செல்வி மேடத்தையே வக்கீலாக வைப்பேன். செலவு முழுக்க நீதான் கட்ட வேண்டும்.

அஞ்சுகம்